கை நனைக்காத காபி

விருத்தாசலம்
12-1-2004

சம்பந்தி அம்மாவுக்கு,

சுலோச்சனா எழுதுவது. எந்தச் சுலோச்சனா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் பூங்கோதை யாரோடு மாலை மாற்றிக்கொண்டாளோ, அந்த மணிபாரதியைப் பெற்றவள். சம்பந்தி என்று எழுதியது பிடிக்கவில்லையென்றால் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவீர்கள் என்று பூங்கோதை சொன்னாள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் யாரும் படிக்காமல் கிழிப்பதில்லை.

பூங்கோதைக்கு ஏழாம் மாதம். ஊர் வாய் வழியாக உங்களுக்கு இது முன்பே வந்திருக்கும். ஊர் வாய்க்குத் தெரியாத மீதியைச் சொல்கிறேன். அவர்கள் குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் இருக்கிறார்கள். நம்மூர் மாதிரியே பீங்கான் ஊர். நாங்கள் இங்கே கப்பும் பொம்மையும் செய்கிறோம், அங்கே தரைக்குப் போடும் டைல்ஸ். மணிபாரதிக்கு அங்கே நல்ல வேலை. போன வாரம் ஸ்கேன் எடுத்ததில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதாம். ரயிலோ பஸ்ஸோ ஏறவே கூடாது, ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது உங்களுக்கும் எனக்கும் ஒரே வழக்கம். இந்தத் தடவை மகள் வர முடியாது, தாய்தான் போக வேண்டும். நான் போகிறேன், அது வேறு. வலி வந்தால் என்னிடம் அவள் "ஒண்ணுமில்ல அத்தை" என்பாள். உங்களிடம்தான் அழுவாள். அழுவதற்கு ஓர் ஆள் வேண்டும் அந்தப் பெண்ணுக்கு.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். இங்கிருந்து ராத்திரி வண்டியில் சென்னை, சென்னையிலிருந்து அகமதாபாத், அப்புறம் பஸ். ரிசர்வேஷன் பாரத்தில் உங்கள் வயதை ஐம்பத்தாறு என்று போட்டிருக்கிறேன். கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சுலோச்சனா ஜம்புலிங்கம்


நல்லூர்
19-1-2004

மணிபாரதியின் தாயார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு வயது நாற்பத்தொன்பது.

நான் வருவதற்கில்லை. காரணம் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். காலையில் கண் விழித்ததும் எனக்குக் காபி வேண்டும். இல்லையென்றால் தலை பிளந்துபோகும், எழுந்து நிற்க முடியாது. வெளியில் விற்கும் காபி என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. திருப்பதி போனபோது ஸ்டேஷனில் வாங்கிக் குடித்துவிட்டு மலையேறும் வரை வாந்தி எடுத்தேன், என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். மூன்று மாடு கட்டி, கறந்த பாலில் காபி குடித்துப் பழகியவள் நான். இரண்டு மூன்று நாள் ரயிலில் காபிக்கு எங்கே போவேன்? போய்ச் சேர்ந்தால் நானே அங்கே ஒரு நோயாளியாகப் படுத்திருப்பேன். அதனால் என் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடவும்.

அவளுக்கு மூன்றாம் மாதத்தில் வாந்தி இருந்ததா என்று மட்டும் எழுதவும். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
24-1-2004

சம்பந்தி அம்மாவுக்கு,

வாந்தி இருந்தது. மூன்றாம் மாதம் முழுக்க. சோற்று வாசனையே ஆகவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் வேண்டும் என்றாள். நான் போட்டு, மோர்பிக்குப் போன ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினேன். தின்றுவிட்டுப் போனில் சொல்கிறாள்: "நல்லாத்தான் இருக்குது அத்தை, ஆனா எங்கம்மா போடுறாப்ல இல்ல." எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கோபத்தை உரிய ஆளுக்கு இப்போது தபாலில் அனுப்புகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் காபிக்கு வருவோம். உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "காபிதான் கஷ்டம்னா போட்டுக் குடுத்துட்டுப் போறது, இதுல என்னாம்மா இருக்குது" என்றார். ஆண்பிள்ளைகள் எழுதியதை மட்டும் படிப்பார்கள். எனக்கு எழுதாததும் தெரிகிறது. ஆனாலும் நீங்கள் காபியைச் சொன்னதால் நானும் காபிக்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் பொடி கலக்கும் வேலை எனக்கு. பதினைந்து வருஷமாக வெள்ளைப் பொடியும் பழுப்புப் பொடியும்தான் என் பிழைப்பு. பொடியை நான் கலந்தால் கட்டி விழாது. வருஷா வருஷம் நாங்கள் நாலைந்து பேர் பழனிக்குப் போவோம், அப்போது வீட்டிலேயே நான் ஒரு காபிப் பொடி கலந்து எடுத்துக்கொள்வேன். வெந்நீர் மட்டும் கிடைத்தால் போதும், காபி தயார்.

சர்க்கரையை மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ள வேண்டும். குருணை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது ஒன்றரைப் பங்கு, பால் பவுடர் மூன்று பங்கு, காபித்தூள் ஒரு பங்கு. கையால் தொடக் கூடாது, கையில் எப்போதும் ஈரம் இருக்கும். ஸ்பூனும் பாத்திரமும் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். மாவுச் சல்லடையில் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று தடவை சலித்தால் பொடி ஒரே நிறத்துக்கு வந்துவிடும். எங்கேயாவது வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். சுக்கு பிடிக்குமானால் ஒரு சிட்டிகை. பிறகு ஒரு டம்ளருக்கு ஒரு பொட்டலமாகச் சின்ன பாலிதீன் கவரில் போட்டு, வாயை மடித்து இரும்பறுக்கும் ஹாக்சா பிளேடால் அழுத்திப் பிடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஓரத்தைக் காட்டி ஒட்டிவிடுவேன். குடிக்கும்போது முதலில் துளி வெந்நீர் விட்டுக் குழைத்துக்கொண்டு, மீதியை அப்புறம் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

பத்துப் பொட்டலம் உங்கள் ஊர் பஸ் கண்டக்டர் கோதண்டபாணியிடம் கொடுத்தனுப்புகிறேன். குடித்துப் பாருங்கள். கம்பெனிச் சல்லடையில் சலித்ததோ என்று சந்தேகப்பட வேண்டாம், வீட்டுச் சல்லடைதான். டிக்கெட் கேன்சல் ஆகவில்லை.

சுலோச்சனா


நல்லூர்
30-1-2004

மணிபாரதியின் தாயார் அவர்களுக்கு,

பொட்டலங்களைக் கோதண்டபாணியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதாததும் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எழுதியே விடுகிறேன். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் தாம்பூலத் தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் போகவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு அடுப்படிக்குப் போய் உங்களுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். தொடவில்லை. எழுந்து போய்விட்டீர்கள். எங்கள் சனம் பூராவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. என் மகள்தான் சொல்லாமல் போனாள் என்றால், அவளைக் கொண்டுபோனவர்கள் என் காபியையும் வேண்டாம் என்றுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னேன், இனி அவங்க வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன், அவங்க கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன் என்று. என் தம்பி சக்கரபாணி கற்பூரம் ஏற்றினான். சொன்ன சொல்லை மாற்றிப் பேசும் பழக்கம் எனக்கில்லை.

நார்த்தங்காயை உப்பில் போட்டதும் ஜாடி வாயைத் துணியால் கட்டி வெயிலில் வைக்க வேண்டும். நீங்கள் மூடி போட்டு மூடியிருப்பீர்கள்.

சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
4-2-2004

சம்பந்தி அம்மாவுக்கு,

மூடி போட்டுத்தான் மூடினேன். இனிமேல் துணி கட்டுகிறேன்.

நான் ஏன் எழுந்து போனேன் என்று இந்த இரண்டு வருஷத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் சனம் எல்லார் கையிலும் எவர்சில்வர் டம்ளர். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் காகிதக் கப்பு. குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற காகிதக் கப்பு. நான் நாள் முழுக்கக் கப்பு செய்கிற ஊர்க்காரி அம்மா. எங்கள் கம்பெனிக் கப்பு மெட்ராஸ் ஓட்டல்களில் எத்தனையோ வாய் பார்த்திருக்கிறது. என் வாய் பட்ட டம்ளரைக் கழுவி வைக்க உங்கள் வீட்டில் ஆளில்லையா என்று நினைத்தேன். அந்தக் காபியைக் குடித்திருந்தால் அது உள்ளே தங்கியிருக்காது. அதனால்தான் எழுந்தேன். நீங்கள் அழுதிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுந்துதான் போயிருப்பேன், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

அது கிடக்கட்டும். அதைத் தீர்க்க நமக்கு ஆயுசு இருக்கிறது. குழந்தைக்குத்தான் நாள் குறித்தாகிவிட்டது.

உங்கள் சபதத்தை நான் ஒன்றும் செய்யப் போவதில்லை. ஆனால் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். கை நனைக்க மாட்டேன் என்றீர்கள். நனைப்பதற்கு ஈரம் வேண்டும். சோறு, குழம்பு, காபி, தண்ணீர் எல்லாம் ஈரம். பொடியில் ஏது ஈரம்? ஈரம் இருந்தால் அது என் பொடியே இல்லை. ஆகாதவர் வீட்டிலிருந்துகூட அரிசி பருப்பு வாங்கிக்கொள்கிறோம், பச்சரிசியால் யார் கை நனைந்தது? பொடியைப் பொட்டலமாக நான் தருவேன். டம்ளர் உங்களுடையது. வெந்நீரை ரயில்காரன் ஊற்றுவான். கலக்கப் போவது உங்கள் கை. இதில் நான் எங்கே வருகிறேன்? உங்கள் ஊரில் நாலு எழுத்துப் படித்த பெரியவரைக் கேளுங்கள்.

அதுவும் மனசு ஒப்பவில்லையென்றால் பக்குவம்தான் எழுதியிருக்கிறேனே, நீங்களே கலந்து எடுத்து வாருங்கள்.

சுலோச்சனா


நல்லூர்
12-2-2004

சுலோச்சனா அம்மாவுக்கு,

ஈரம் பற்றி நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குக் கோர்ட்டுக்குப் போன பழக்கம் உண்டு. "இந்தம்மா வக்கீலுக்குப் படிச்சிருக்கணும், மண்ணைக் கலக்கிக்கிட்டு இருக்குது" என்றார். மகள் போன நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தார்.

காகிதக் கப்பைச் சக்கரபாணி வாங்கிவந்தான். ஊற்றியது நான்.

உங்கள் பக்குவம் சரியில்லை என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம். சோதித்துப் பார்த்தேன், அதனால் வருகிறேன் என்று அர்த்தமில்லை. பால் பவுடர் வாங்கப் போனால், "மூணு மாடு இருக்குற வூட்டுக்கு எதுக்கும்மா டின்னுப் பாலு?" என்று கடைக்காரன் கேட்கிறான். விருந்தாளிக்கு என்று பொய் சொன்னேன். நீங்கள் எழுதியபடியே சர்க்கரையை அரைத்து, காபித்தூளும் சேர்த்து, மூன்று தடவை சலித்து, வெந்நீர் விட்டுக் குழைத்துக் குடித்தேன். வாயெல்லாம் மணல். டம்ளர் அடியில் இரண்டு விரற்கடை சேறு. நல்ல கொட்டை வாங்கி, என் எதிரிலேயே வறுத்து அரைத்த தூள், அதைக் குறை சொல்ல முடியாது. குறை உங்கள் அளவில்தான் இருக்க வேண்டும்.

அவள் இப்போது எந்தப் பக்கம் படுக்கிறாள்? இடது பக்கம் படுக்கச் சொல்லவும்.

சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
16-2-2004

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த தேவி தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தாள்.

தப்பு என்னுடையதுதான். காபித்தூள் என்று மொட்டையாக எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் காபித்தூள் என்றால் கடையில் பாட்டிலில் விற்கிறதே, வெந்நீரில் போட்டதும் கரைந்துபோகும் தூள், அது. உங்கள் வீட்டில் காபித்தூள் என்றால் பில்டரில் போட்டு டிகாஷன் இறக்குகிற தூள். அதை வெந்நீரில் கரைத்தால் யுகத்துக்கும் கரையாது. நீங்கள் குடித்தது காபி இல்லை அம்மா, எங்கள் கம்பெனித் தொட்டியில் ஓடுகிற களிமண் குழம்பு. வாய் கொப்பளித்தீர்களா இல்லையா? பாட்டில் தூளை வாங்கி மறுபடி கலந்து பாருங்கள்.

இடது பக்கம்தான் படுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினேன். போன் எடுத்ததும் "அம்மா வருவாங்களா அத்தை?" என்று கேட்டாள். போன வாரமும் இதையே கேட்டாள், அதற்கு முந்தின வாரமும். "சாப்டியாடி" என்று நான் கேட்பேன், அவள் இதைக் கேட்பாள். இந்தத் தடவை வருவாங்க என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆபரேஷனுக்கு அந்தப் பெண் பயப்படுகிறாள். மணிபாரதியிடம்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. நான் மாமியார், எனக்கே தெரிகிறது, பெற்ற உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

புதன்கிழமை ராத்திரி ஜங்ஷனில் முதல் பிளாட்பாரத்தில் இருப்பேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். வராவிட்டால் உங்கள் பெர்த்தில் என் பை படுத்துக்கொண்டு வரும்.

சுலோச்சனா


நல்லூர்
21-2-2004

சுலோச்சனா அம்மாவுக்கு,

பாட்டில் தூள் போட்டுக் கலந்தேன். பரவாயில்லை. சுக்கு ஒரு சிட்டிகை போதாது, இரண்டு போட்டேன்.

இரண்டு வாரத்துக்கு வேண்டிய பொடி தயார். என் வீட்டுச் சர்க்கரை, என் சல்லடை, என் டப்பா. பொட்டலம் போட்டு மெழுகுவத்தியில் ஒட்டும் வேலையெல்லாம் எனக்கு ஆகாது, டப்பாவிலிருந்து ஸ்பூனால் எடுத்துக்கொள்வேன். எனக்கென்று உங்கள் பொடியில் ஒரு சிட்டிகையும் எடுத்துவர வேண்டாம். வெந்நீரும் நானே பிடித்துக்கொள்வேன். ரயிலில் நீங்கள் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், நான் என் கட்டுச்சோற்றைச் சாப்பிடுகிறேன். சபதத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. தெரிந்திருக்கட்டும்.

கீழ் பெர்த் எனக்கு. ஐம்பத்தாறு வயது என்று போட்டீர்களே, அதற்காவது பிரயோஜனம் இருக்கட்டும்.

நார்த்தங்காய் ஜாடி கனமாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவும்.

சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
19-4-2004

சம்பந்தி அம்மாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். ஒரு மாத லீவு என்று சொல்லிப் போனவள் கூடுதலாக நாள் எடுத்துக்கொண்டதில் முதலாளிக்கு முகம் சரியில்லை. என் பேத்தியின் போட்டோவைக் காட்டினேன், சரியாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கொட்டாவி விடுகிறாளே, அந்தப் போட்டோ. பார்த்தவர்கள் எல்லாம் உங்கள் சாடை என்கிறார்கள். நெற்றி மட்டும் எங்களுடையது என்று நான் விட்டுக்கொடுக்காமல் சொல்லிவருகிறேன்.

பூங்கோதைக்குத் தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா? குனிந்து எதையும் தூக்க விடாதீர்கள். நீங்கள் இருக்கும்போது எனக்குக் கவலையில்லை. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் விட்ட கண்ணீர் என் கண்ணிலேயே நிற்கிறது. இத்தனை மாதமாக என்னிடம் காட்டாத அழுகை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இருந்தாலும் நான் எடுத்த டிக்கெட் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அங்கே போய் நீங்கள் புதிதாகக் கலந்த பொடியும் என் பொடியும் வேறுவேறு என்று எப்படித்தான் தெரிந்ததோ! என் பொட்டலத்தைத்தான் கேட்டு வாங்கினாள். சுக்கு அதிகம் என்று நான் சொன்னபோது கேட்டீர்களா?

இப்போது ஒரு விஷயம். உங்களிடம் நேரில் பேச எனக்கு வாய் வரவில்லை.

ரயிலில் உங்கள் டப்பாவை ஒவ்வொரு தடவையும் வெந்நீர் ஆவியில் திறந்து வைத்துக்கொண்டே எடுத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆளா? மறுநாள் காலை மகாராஷ்டிரத்தில் புசாவல் ஸ்டேஷன் தாண்டும்போது உங்களுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தலையைப் பிடித்துக்கொண்டு முனகினீர்கள். டப்பாவைத் திறந்தால் உள்ளே பொடி பாறையாகக் கிடந்தது, ஸ்பூன் இறங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையைக் காபியில்தான் விழுங்குவேன் என்று பிடிவாதம். நான் என்ன செய்வேன்? என் பொட்டலத்தைப் பிரித்தேன். என் பிளாஸ்கிலிருந்த வெந்நீர், என் டம்ளர். நானே குழைத்து, ஆற்றி, உங்கள் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். குடித்தீர்கள். இன்னும் கொஞ்சம் கேட்டீர்கள். இன்னொன்று கலந்து கொடுத்தேன். அகமதாபாத் வருவதற்குள் எழுந்து உட்கார்ந்து, உங்கள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, மோர்பி பஸ் எங்கே என்று கேட்டீர்கள். காபியைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் உங்கள் தம்பி சக்கரபாணியைப் பார்த்தேன். அவராக வந்து நின்றார். "எங்கக்கா போயி ரெண்டு மாசம் ஆவுது. ஒங்க கையால எதனா சாப்டாங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். "பச்சத் தண்ணிகூட வாங்கலீங்க. அவங்களே பொங்குனாங்க, அவங்களே சாப்ட்டாங்க. நாந்தான் அவங்க சமைச்சதை உக்காந்து தின்னேன்" என்றேன். அவருக்கு முகம் குளிர்ந்துபோனது.

காய்ச்சலில் நினைவில்லாமல் குடித்தது கணக்கில் வராது. உங்கள் சபதம் உங்கள் சனத்தின் முன்னால் முழுசாக இருக்கட்டும். என் வாயிலிருந்து இது வெளியே போகாது. நீங்கள் ஊருக்கு வந்தபின் தலை குனிய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுலோச்சனா


மோர்பி
28-4-2004

அண்ணிக்கு,

சொர்ணாம்பாள் எழுதுவது.

தையல் ஆறிவிட்டது. குழந்தை ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிறது. நெற்றியும் எங்களுடையதுதான். நேரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபமாக இருக்கிறது. என்னைக் கேட்காமல் எனக்காக எதற்குப் பொய் சொன்னீர்கள்? அதுவும் சக்கரபாணியிடம். அவனுக்கு முகம் குளிர வேண்டுமென்று உங்களை யார் கேட்டார்கள்?

காய்ச்சலில் நினைவில்லாமல் குடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் டம்ளருக்கு வேண்டுமானால் அப்படிச் சொல்லிக்கொள்ளுங்கள். அப்போது எனக்குத் தலை கொதித்தது, யார் கை என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. அதைக் குடித்து முடித்ததும் கண் திறந்தேன். என் தலை உங்கள் மடியில் இருந்தது. ஜன்னல் பக்கத்து வெயில் என் முகத்தில் அடிக்காமல் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எந்த வீட்டுப் பொடி, எந்த வீட்டு டம்ளர், கலந்தது யார் என்பதெல்லாம் தெரிந்தது. சபதமும் ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம்தான் இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

உளறினேன் என்று நினைத்துவிட்டீர்களா? எனக்குக் காய்ச்சலில் உளறும் வழக்கமில்லை. இரண்டாவது டம்ளரை நான் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாளே உங்களிடம் சொல்லியிருப்பேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீங்களும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருந்துவிட்டீர்கள். எனக்கு அது அப்போது வசதியாக இருந்தது. இப்போது இல்லை.

இந்த விஷயத்தை என் வீட்டுக்காரருக்குப் போனில் சொல்லிவிட்டேன். "ரெண்டு டம்ளரா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "சக்கரபாணிக்கு நீயே எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.

குழந்தையையும் பூங்கோதையையும் கூட்டிக்கொண்டு மே பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் விருத்தாசலம் வந்து இறங்குகிறோம். மணிபாரதி கொண்டுவந்து விடுகிறான். டாக்டரம்மா இனிப் பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். ஜங்ஷனிலிருந்து நேராக நல்லூர் போகலாம் என்று பூங்கோதை சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். முதலில் உங்கள் வூட்டுக்கு வருகிறோம். மதியச் சாப்பாடு அங்கேதான்.

சக்கரபாணியையும் பன்னிரண்டு மணிக்கு அங்கே வரச் சொல்லி எழுதியிருக்கிறேன். அவன் எதிரில் சொன்ன சொல், அவன் எதிரில்தான் தீர வேண்டும். வந்தால் அவனுக்கும் ஓர் இலை போடுங்கள். வராவிட்டால் எனக்குக் கூடுதலாக ஒரு கரண்டி சோறு வையுங்கள்.

சொர்ணாம்பாள்